எழுபதைக் கழித்தால்

பெமிலா வேலையில் சேர வந்தது மார்ச் மாதத்து ஒரு திங்கட்கிழமை. வடசேரியிலிருந்து வந்த பஸ் அவளை ஆரல்வாய்மொழியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து காற்றாலைக் காத்தாடிகளுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் மண்பாதை. ஆட்டோக்காரர் கம்பிவேலிக்குக் கொஞ்சம் இப்பாலேயே வண்டியை நிறுத்தி, "இதுக்கு மேல போவாது பிள்ளே" என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். பாதை என்னவோ வாசல்வரை நன்றாகத்தான் இருந்தது.

ஒரு காலத்தில் பஞ்சு குடோனாக இருந்த ஓட்டுக்கட்டடம் அது. இப்போது எரிகற்களைக் கவனிக்கிற ரேடார் நிலையம். பொறுப்பாளர் ஞானசிங் வெளியே வந்து அவளை உள்ளே கூட்டிப்போனார். மே முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெறப்போகிறவர். தலைக்குச் சாயம், சட்டைப்பையில் இரண்டு பேனா, யாரைப் பார்த்தாலும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்கிற குணம். ஊரில் அவரை நல்ல மனிதர் என்பார்கள். அதை ஊரைவிட அவர்தான் அதிகம் நம்பினார். கதையில் உள்ள சங்கடமே அதுதான்.

"எரிகல் விழுகத நாம கண்ணால பாக்கது ராத்திரி மட்டுந்தான். இது பகலிலயும் பாக்கும்," என்று டிரான்ஸ்மிட்டரைத் தட்டிக் காட்டினார். "மணல் பருக்கை அளவு ஒரு தூசி மக்கா. தொண்ணூறு கிலோமீட்டர் ஒசரத்துல எரிஞ்சுபோவும். எரிஞ்ச எடத்துல கொஞ்ச நேரம் ஒரு கோடு நிக்கும். நாம கீழ இருந்து சத்தம் குடுக்கோம், அது கோட்டுல பட்டுத் திரும்பி வருகு. கோட்ட எந்தப் பக்கம் காத்து தள்ளுகுன்னு பாத்தா மேல உள்ள காத்து தெரியும். அவ்வளவுதான் நம்ம வேல."

வெளியே புல்தரையில் ஐந்து ஆன்டெனாக்கள் சிலுவை வடிவில் நின்றன. அவை எதிரொலியை வாங்குபவை. தள்ளித் தனியாக நின்ற ஆறாவதுதான் அலையை மேலே அனுப்புவது. அதன் அடியில் இருந்த சிமெண்ட் மேடையில் ஓர் இடம் மட்டும் கழுவிக் கழுவி வெளுத்துப் போயிருந்தது.

"விடியக்காலம் எரிகல்லு ஏராளம் விழும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒண்ணு ரெண்டுதான். அதனால ஆன்டெனாவுல கைவைக்க வேலை எல்லாம் நாம ஆறு மணிக்குத்தான் செய்யது. வெளிய போறவங்க மிஷின்ல இருந்து இந்தச் சாவிய உருவிப் பையில போட்டுக்கிட்டுப் போவணும். சாவி இல்லாம மிஷின் ஓடாது. வெளிய நிக்க ஆளுக்க உயிரு அவனுக்க பையிலதான் இருக்கு."

இருபத்தாறு வருஷமாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொன்ன வாசகம். இந்த முறை சாவியைத் தொடாமலே சொன்னார்.

"எனக்கு முன்னால இஞ்ச இருந்த ஆன்ட்ரூஸ் சார் சாவிய எடுக்காம போனதாலதான் செத்தாருன்னு ஆபீஸ்ல சொன்னாவ," என்றாள் பெமிலா.

"ஆமா. மறந்துட்டான்."

அது பச்சைப் பொய்.

ஆன்ட்ரூஸ் சாவியை எடுக்க ஒருநாளும் மறந்தவன் இல்லை. திருப்பி வைக்கத்தான் மறப்பான். பையில் போட்டபடியே தோவாளையில் உள்ள வீட்டுக்குப் போய்விடுவான். ரேடார் ஓடாமல் கிடக்கும், தலைமை அலுவலகத்திலிருந்து ஞானசிங்குக்குத் திட்டு விழும். காணாமல் போகிறதைக் கண்டெடுத்துத் தருகிறவர் அந்தோணியார் என்று ஆன்ட்ரூஸின் மனைவி ஸ்மிதா அந்தச் சாவியில் ஒரு அந்தோணியார் மெடலைக் கட்டிக் கொடுத்தாள். ஞானசிங் அந்தோணியாரை நம்பவில்லை. வடசேரியில் பூட்டு ரிப்பேர் கடையில் சத்தமில்லாமல் ஒரு கள்ளச்சாவி அடித்து மேசைக்குள் போட்டு வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை, ஆன்ட்ரூஸிடம்கூட.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் ஆன்ட்ரூஸ் ஏணி வைத்து அந்த ஆறாவது ஆன்டெனாவில் ஒரு இணைப்பை முறுக்கிக்கொண்டிருந்தான். தலைமை அலுவலகத்திலிருந்து போன். தகவல் ஏன் வரவில்லை, தூங்குகிறீர்களா என்று கேட்டார்கள். இதற்குள் இறங்கியிருப்பான் என்று நினைத்து ஞானசிங் கள்ளச்சாவியைப் போட்டுத் திருகினார். நாலு எட்டு நடந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சாவி தன்னிடம் இருக்கிறது என்ற தைரியத்தில் அவன் வெறுங்கையால் இணைப்பைப் பிடித்திருந்தான்.

ஏணி விழுந்த சத்தம் கேட்டது. அப்போது மணி ஆறு பத்து.

ஓடிப்போன ஞானசிங் முதலில் செய்த காரியம் அவனுக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்த்ததல்ல. அவன் பைகளைத் தடவினார். சாவி அங்கே இல்லை. புல்லில் தேடினார், இல்லை. திரும்பி வந்து, மிஷினில் இருந்த கள்ளச்சாவியை அப்படியே விட்டுவிட்டு, அவன் சாவியை எடுக்காமலே போனான், மிஷின் நேரத்துக்குத் தானாக ஓடிவிட்டது என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்?

அன்று, பெமிலா வந்த முதல் நாள், மணி ஆறு பத்துக்கு அவள் திரையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"சாரே, இஞ்ச ஒண்ணு நிக்கு."

எரிகல் அல்ல என்று கணினியே ஒதுக்கித் தள்ளுகிற எதிரொலிகளின் பட்டியல் அது. அதில் ஒரே ஒரு வரி விடாமல் வந்துகொண்டிருந்தது. திசை தென்மேற்கு. தூரம் எழுபத்தொன்பது கிலோமீட்டர். வானத்தில் இல்லை, தரையை ஒட்டி.

"காத்தாடியா இருக்கும்."

"அந்தப் பக்கம் காத்தாடி இல்லியே. இது வேற, நம்மளப் பாத்து வருகு. செகண்டுக்கு ஒரு மீட்டர். ஆளு நடக்க வேகம்லா சாரே?"

"அப்பம் கப்பலா இருக்கும். விட்டுத் தள்ளு மக்கா."

கால் மணி நேரம் வந்தது. ஆறு இருபத்தைந்துக்கு எழுபத்தெட்டில் நின்று மறைந்தது. மறுநாள் அதே ஆறு பத்துக்கு, விட்ட இடமான எழுபத்தெட்டிலிருந்தே தொடங்கியது. ஆறு இருபத்தைந்துக்கு எழுபத்தேழில் நின்றது.

புதன்கிழமை அது எழுபத்தாறில் நின்ற பிறகு, பெமிலா போகும்வரை காத்திருந்து ஞானசிங் மாவட்ட வரைபடத்தை மேசையில் விரித்தார். நிலையத்திலிருந்து எதிரொலி வரும் திசைக்கு ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். கோடு தோவாளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரின் மேல் சென்றது. அந்த ஊர்க் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில்தான் ஆன்ட்ரூஸை அடக்கம் செய்திருந்தார்கள்.

ஸ்கேலால் அளந்தார். நிலையத்திலிருந்து கல்லறைக்கு நேர்கோட்டில் ஒன்பது கிலோமீட்டர். எதிரொலியோ எழுபத்தாறில் இருக்கிறது. கோட்டை இன்னும் நீட்டினார். அது ஊர்களை எல்லாம் தாண்டி, கரையைத் தாண்டி, நடுக்கடலில் போய் முடிந்தது.

கடலில்தானே! உயிர் திரும்பி வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தார். நாளுக்கு ஒரு கிலோமீட்டர் வீதம், அது என்னவாக இருந்தாலும், இங்கே வந்து சேர எழுபத்தாறு நாள் வேண்டும். ஓய்வு பெற இன்னும் அறுபத்தாறு நாள். அது வரும்போது அவர் மஸ்கட்டில் மகள் ஜினி வீட்டில் பேரனைக் கொஞ்சிக்கொண்டிருப்பார். பத்து நாள் மிச்சம்.

அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்மிதா வந்தாள். வெள்ளைச் சேலை, கையில் பிளாஸ்டிக் கவர். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"வேலை தரமாட்டோம்னு எழுதிட்டாவ அண்ணே. அவியளே சட்டத்த மீறினதால செத்தாவளாம். அதனால வீட்டுல உள்ளவங்களுக்கு வேலை கெடையாதாம்." கவரிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "எனக்கு வேலைகூட பெருசில்ல. பிள்ளைய ஸ்கூல்ல கேக்காவளாம், ஒங்க அப்பா மறதியில செத்தாராமேன்னு. அண்ணே, நீங்க அவியகூட இருந்த ஆளு. அவிய சாவிய எடுக்காம போவாவளா? ஒரு எழுத்து எழுதித் தாங்க. ஒங்க எழுத்துக்கு மதிப்பு உண்டு."

ஞானசிங் தாளைப் படிப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளதை எழுதினால் வேலை போகும், பென்ஷன் போகும், போலீஸ் வரும். கோயில் கமிட்டியில் முதல் வரிசையில் உட்காருகிறவர் அவர்.

"தாறேன் மோளே. ஜூன் மாசம் வா. ரிட்டயர்டு ஆன பெறவு எழுதினாத்தான் எவனும் என்னைய ஒண்ணும் சொல்லமாட்டான்."

அவள் அதையும் நம்பினாள். படியிறங்கும்போது திரும்பினாள்.

"அந்தச் சாவியில கட்டின மெடலு கெடச்சுதா அண்ணே? ஆஸ்பத்திரியில தந்த சாமானத்துலயும் இல்ல."

"இல்ல மோளே."

"அப்பம் அவிய கையிலதான் இருக்கும்," என்றாள், தனக்குத்தானே சொல்கிறவளாக. "இடது கை முழுக்க வெந்து போச்சுல்லா. விரல மூடினது மூடினபடி துணியச் சுத்தித்தான் தந்தாவ. பிரிக்காண்டாம்னுட்டாவ. அப்படியேதான் அடக்கினோம்." பிளாஸ்டிக் கவரை மடக்கினாள். "ஒரு காரியம் கேக்கட்டா அண்ணே? நான் தெனமும் சாயங்காலம் கல்லறையில மெழுகுதிரி கொளுத்துவேன். இந்தத் திங்கக்கிழமையில இருந்து திரி நின்னு எரியமாட்டேங்கு. காத்தும் இல்ல. கொளுத்தக் கொளுத்த அணையுகு. அதுக்கு என்ன அர்த்தம்?"

அன்று எதிரொலி எழுபத்தைந்தில் தொடங்கி எழுபத்து நான்கில் நின்றது.

சனிக்கிழமை அவர் பெமிலாவை அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, வீட்டில் கறிச்சோறு ஆறிக்கிடக்க, மனைவி நேசபாயின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு நிலையத்துக்கு வந்து பார்த்தார். எழுபத்திரண்டில் நின்றது. வாசலில் படுத்துக்கிடக்கும் நாய் அன்று கம்பிவேலிக்கு வெளியே படுத்திருந்தது. கூப்பிட்டும் வரவில்லை. நாயும் மனிதனைப்போல்தான், ஒருநாள் வராது என்று சொல்லிக்கொண்டார். எழுபத்திரண்டு கிலோமீட்டர் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற தூரம்.

திங்கட்கிழமை ஆறு பத்து.

திரையில் ஒன்றுமில்லை.

ஆறு இருபத்தைந்து. ஏழு மணி. ஒன்றுமே இல்லை.

ஞானசிங் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். கப்பலோ எழவோ, போய் ஒழிந்தது. செவ்வாய்க்கிழமை வரும்போது வடசேரியில் இறங்கி அரைக்கிலோ முந்திரிக்கொத்துப் பலகாரம் வாங்கி வந்தார்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் பெமிலா ஒரு முந்திரிக்கொத்தைக் கடித்தபடி பழைய நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஞானசிங் பத்து வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்தது.

"சாரே, அந்த எதிரொலி. நாம தப்பாப் பாத்துருக்கோம்."

"அதுதான் போயிட்டுல்லா."

"போவல்ல சாரே. இஞ்ச பாருங்க, நீங்க எழுதினதுதான். மிஷின் ஒரு சத்தம் குடுத்து, அது திரும்பி வாரதுக்கு முன்னால அடுத்த சத்தத்தக் குடுக்கு. திரும்பி வந்தது எந்தச் சத்தத்துக்குள்ளதுன்னு அதுக்குத் தெரியாது. எரிகல்லு எப்பவும் எழுபதுக்கு மேலதான் இருக்கும், அதனால அது எல்லாத்துக்கும் கண்ண மூடிக்கிட்டு எழுபதக் கூட்டிக் காட்டும். தரையில உள்ள சாமானா இருந்தா நாமதான் எழுபதக் கழிக்கணும்."

ஞானசிங்கின் கையில் இருந்த முந்திரிக்கொத்து அப்படியே நின்றது.

"அப்பம் மொத நாளு அது எழுபத்தொன்பதுல இல்ல. ஒம்பதுல இருந்துருக்கு. ஞாயித்துக்கிழமை ரெண்டுல வந்து நின்னிருக்கு. நேத்து ஏன் காணல்லன்னு கேட்டா, சத்தம் குடுக்க நேரத்துல மிஷினுக்குக் காது கேக்காதுல்லா? ரெண்டு கிலோமீட்டருக்கு உள்ள என்ன வந்தாலும் அதுக்குத் தெரியாது." அவள் கண்டுபிடித்த சந்தோஷத்தில் சிரித்தாள். "அது போவல்ல சாரே, கிட்ட வந்ததாக்கும். நேத்து ரெண்டுல இருந்து ஒண்ணுக்கு வந்தாச்சு. இன்னைக்கு ஆறு இருபத்தஞ்சுக்கு நேரா இந்த ரூமுக்குள்ள வந்து நிக்கணும்."

தெரியாத விஷயமில்லை. அவர் எழுதினது, அவர் இருபத்தாறு வருஷம் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தது. வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்வார். பெமிலாவுக்கு மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை. எழுபதைக் கூட்டிக்கொண்டது மிஷின் மட்டுமல்ல.

"நீ வீட்டுக்குப் போ மக்கா."

"இருந்து பாத்துட்டுப் போறேனே."

"போன்னு சொன்னேன்லா!"

அவர் சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மணி ஐந்து ஐம்பது. இரவுக் காவலாளி முத்துநாயகம் வர ஏழு மணியாகும். பஸ் நிறுத்தம்வரை மூன்று கிலோமீட்டர் மண்பாதை. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே நடந்து போக வேண்டும்.

ஞானசிங் கதவைத் தாழிட்டார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். எழுதினார். சாவி ஆன்ட்ரூஸிடம்தான் இருந்தது. கள்ளச்சாவி போட்டது நான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். எழுதி முடித்ததும் அழுகை வந்தது. "எழுதிட்டேன் மக்கா," என்று கதவைப் பார்த்துச் சொன்னார். "பாத்தியா, எழுதிட்டேன்."

ஆறு பத்து.

வெளியே காத்தாடிகளின் உய் உய் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றது.

மயில் ஒன்று அகவ ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியது.

கருகின வயர் வாடை. மெல்லியதாக, ஜன்னல் பக்கமிருந்து. அதோடு உருகின மெழுகின் வாடை.

அவர் சுவரோடு ஒட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டார். பைபிளில் உள்ள சங்கீதம் ஒன்றைச் சொல்லப் பார்த்தார், முதல் வரிக்கு மேல் வரவில்லை.

ஆறு இருபது.

ஆறு இருபத்தைந்து.

கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. யாரும் கூப்பிடவில்லை.

ஆறு முப்பது ஆயிற்று. காத்தாடிகள் மறுபடி சுற்ற ஆரம்பித்தன. வாடை போய்விட்டது. அவர் கண்ணைத் திறந்தார். அறை எப்போதும் இருக்கிறபடியே இருந்தது. டிரான்ஸ்மிட்டர் உறுமிக்கொண்டிருந்தது, மேசைமேல் முந்திரிக்கொத்துப் பொட்டலம், அதன் பக்கத்தில் அந்தத் தாள்.

வெட்கமாக இருந்தது. படித்த மனிதன், ஒரு சின்னப்பெண் சொன்ன கணக்கைக் கேட்டு இப்படியா? பயம் இறங்க இறங்க ஜினி நினைவுக்கு வந்தாள், பென்ஷன் நினைவுக்கு வந்தது, கோயில் கமிட்டியின் முதல் வரிசை நினைவுக்கு வந்தது. தாளை இன்னொருமுறை படித்தார். பிறகு தீப்பெட்டியை எடுத்து, டீ கிளாஸுக்குள் வைத்து அதைக் கொளுத்தினார். கடைசி எழுத்து கருகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் எழுதிக் கொடுத்தால் போதும். கொடுக்கத்தான் போகிறோமே.

எதிரொலி நின்றுபோனதற்குக் காரணம் ஆறாவது ஆன்டெனாவின் அந்த இணைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. ஆன்ட்ரூஸ் பாதி முறுக்கிவிட்டது, அதற்குப் பிறகு யாரும் கைவைக்கவில்லை. இன்னும் வெளிச்சம் இருந்தது. மேலேறிப் பார்த்துவிட்டால் நாளைக்குப் பெமிலாவிடம் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும்.

சாவியை உருவினார். உறுமல் நின்றது. சாவியைச் சட்டைப்பையில் போட்டு வெளியிலிருந்து ஒருமுறை தட்டியும் பார்த்துக்கொண்டார். அந்த விஷயத்தில் அவர் இப்போது மிகவும் கவனம்.

ஏணி ஸ்டோர் ரூமில் இல்லை. ஆறாவது ஆன்டெனாவில் ஏற்கெனவே சாய்த்து வைத்திருந்தது.

பெமிலா வைத்திருப்பாள்.

ஏறினார். கீழே வெளுத்துப்போன சிமெண்ட் மேடையைப் பார்க்காமல் ஏறினார். இணைப்பை இடது கையால் பிடித்தார். அது வெதுவெதுவென்று இருந்தது, இப்போதுதான் யாரோ பிடித்துவிட்டுக் கையை எடுத்ததுபோல. அங்கிருந்து பார்த்தால் அறையின் ஜன்னல் தெரியும். திறந்திருந்த ஜன்னல் வழியே தன் நாற்காலி தெரிந்தது.

நாற்காலி மிஷினைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அதில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரு?" என்றார். "முத்துநாயகமா?"

உள்ளே உட்கார்ந்திருந்தவன் துணி சுற்றிய இடது கையைத் தூக்கினான். துணியை நிதானமாக அவிழ்த்தான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

பயப்பட ஒன்றுமில்லை. சாவி இல்லாமல் மிஷின் ஓடாது.

ஞானசிங் வலது கையால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது.

அறைக்குள் டிரான்ஸ்மிட்டர் உறுமத் தொடங்கியது.

ஏழு மணிக்கு வந்த முத்துநாயகம்தான் முதலில் பார்த்தார். வெளுத்த மேடையில், ஆன்ட்ரூஸ் கிடந்த அதே இடத்தில், ஞானசிங் கிடந்தார். அறைக்கதவு திறந்திருந்தது, உள்ளே ஆளில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இருந்த சாவியில் செம்மண்ணும் மெழுகும் அப்பிக்கிடந்தன. மண்ணைத் துடைத்தபோது அந்தோணியார் மெடல் தெரிந்தது. ஞானசிங்கின் சட்டைப்பையில் இருந்தது வேறொரு சாவி. அதில் வடசேரிக் கடையின் முத்திரை. போலீசார் இரண்டையும் போட்டுப் பார்த்தார்கள். இரண்டுக்கும் மிஷின் ஓடியது.

ஒரு மிஷினுக்கு எதற்கு இரண்டு சாவி என்ற கேள்வி மேலிடத்துக்குப் போயிற்று. பூட்டுக் கடைக்காரருக்கு ஞானசிங்கை நன்றாக நினைவிருந்தது. பழைய விசாரணையைத் திரும்ப எடுத்தார்கள். ஆன்ட்ரூஸ்மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். ஜூன் மாதம் ஸ்மிதாவுக்கு அந்த நிலையத்திலேயே வேலை கிடைத்தது. மெடல் கட்டின சாவி மிஷினுக்குள் எப்படி வந்தது என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. ஸ்மிதாவும் சொல்லவில்லை.

பெமிலா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஒவ்வொரு நாளும் ஆறு பத்துக்கு ஒதுக்கப்பட்ட எதிரொலிகளின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள். வந்தது திரும்பிப் போனால் எழுபத்திரண்டில் அது மறுபடி தெரிய வேண்டும். பிறகு எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு. அதற்காகக் காத்திருக்கிறாள். இதுவரை ஒரு வரிகூட வரவில்லை.

ஒருநாள் ஸ்மிதா ஜன்னல் திண்டில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தாள். ஆடி மாதத்து ஆரல்வாய்மொழிக் காற்று. கட்டடத்தின் ஓடுகள் கடகடத்தன, மேசையிலிருந்த தாள்கள் பறந்தன.

"கல்லறைக்குப் போவல்லியா அக்கா?" என்று பெமிலா கேட்டாள்.

"அங்க இப்பவும் திரி நிக்கமாட்டேங்கு மக்கா," என்றாள் ஸ்மிதா. "இஞ்ச பாரு."

திறந்த ஜன்னலில், அந்தப் பேய்க்காற்றில், சுடர் அசையாமல் நின்று எரிந்தது.